சுவருக்கு அந்தப் பக்கம்

அனுமதிச் சீட்டில் பதினொரு பேர்.
தண்ணீர் பாட்டில்களை எண்ணிக் குறித்துக்கொண்டு
கிண்டிக் காட்டின் கதவைத் திறந்தார் டில்லிபாபு.

காரை முள் துப்பட்டாவைப் பிடித்தது.
விடுவித்துக்கொண்டு குனிந்தால் குன்றிமணி.
"அங்கயே போட்ருங்க" என்றாள் ஃபர்ஹானா,
ஏற்கெனவே உள்ளங்கை மூடியிருந்தேன்.

அப்பளங்குளம் பாதி வற்றியிருந்தது.
சேற்றில் குளம்புத் தடங்கள்.
ஒன்றில் மட்டும் தண்ணீர்,
அதன் விளிம்பில் குடிக்கும் தேனீ.

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்
வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது.
புள்ளிமான்கள் நிமிரவில்லை.
நாங்கள்தான் நிமிர்ந்தோம்.

"நரி எச்சம், ரோமம் பாருங்க.
ராத்திரியில ஊளை கேட்டிருப்பீங்களே?"
கேட்டிருக்கிறேன்.
பத்தொன்பது வருஷமாய்,
அந்த நாய்க்கு யாராவது
சோறு போட்டால்தான் என்ன என்று முனகி
ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

வெளிமான் கடைசிவரை தென்படவில்லை.

திரும்புகையில் புதர் விலகிய இடத்தில் சுவர்.
அதற்கு மேல்
எங்கள் அடுக்ககத்தின் முதுகு.
மூன்றாம் மாடிக் கொடியில் என் பச்சை நைட்டி,
அவர் பனியன்,
க்ளிப் போதாமல் ஒற்றைக் காலில் தொங்கும்
பையனின் பேன்ட்.
இத்தனை நாளும் இதைப் பார்த்துக்கொண்டா
மேய்ந்தன?

"அந்த வீட்டு விளக்கு
பதினொன்றரைக்குத்தான் அணையும்" என்றார் டில்லிபாபு.
"அதுக்கப்புறம்தான் மானெல்லாம்
சுவரோரம் வரும்."

என் வீடு என்று சொல்லவில்லை.

இன்று ஒன்பதரைக்கே அணைத்தேன்.
"கரண்ட் போச்சா?" என்று
உள்ளேயிருந்து குரல் வந்தது.
பதில் சொல்லாமல்
கொடிக்கயிற்றைப் பிடித்து நிற்கிறேன்.
கீழே சருகு
ஒருமுறை நொறுங்கியது.