இடது கார்னர்

களத்தில் கால் வைக்குமுன் நடுவர் நகம் பார்ப்பார்.
என் விரல்நுனிகளில் ஊசிப் புள்ளிகள்,
வண்டு துளைத்த துவரை மாதிரி.
"கையில என்னம்மா ஒட்டியிருக்கு?"
சென்சாருங்க.
"பிடிக்கிறவங்களுக்குக் கீறும். எடுத்துருங்க."
பதினாலு நாளுக்கென்று வாங்கியது
ஒன்பதாம் நாள் காங்கேயத்துத் திடலில் உரிந்து வந்தது,
மூன்று மயிரோடு.
இனி ஆட்டம் முடியும்வரை
எனக்குள் என்ன நடக்கிறதென்று எனக்கே தெரியாது.

கவுந்தப்பாடிக்காரி நான்.
அப்பா சந்தையில் சர்க்கரை மூட்டை எடைபோடுகிறார்.
பதினான்கு வயதில் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்றபோது
இன்னைக்கு என்ன விலைங்க
என்று கேட்கப்போகிறவர் போல நின்றார்.

கம்பெனி அணியில் பன்னிரண்டு பேர்.
சம்பளம் செக்கிங் செக்‌ஷன் கணக்கில்.
ஒரு பனியனைக்கூட நாங்கள் விரித்துப் பார்த்ததில்லை.
சேர்ந்த அன்று பொங்கியண்ணன் சார் சொன்னார்:
"நம்மூட்டுப் புள்ளையாட்டப் பாத்துக்குவோங்க."
பார்த்துக்கொண்டார்கள்.
ஃப்ரிட்ஜில் என் இன்சுலினுக்குத் தனித் தட்டு,
பஸ்ஸில் முன்சீட்டு,
ஏதாவது ஆனால் அணி பொறுப்பல்ல என்றொரு தாள்,
அதில் அப்பாவின் கையெழுத்தும் சேர்த்து.
மாஸ்டர்தான் சுற்றி வளைக்காமல் சொன்னார்:
"இன்னொருக்கா களத்துல சாஞ்சீன்னா
சீசன் முழுக்க பெஞ்சு.
உன் நல்லதுக்குத்தான் கண்ணு."

எல்லோருக்கும் வேர்க்கிற ஆட்டத்தில்
என் வேர்வையை மட்டும் நான் சந்தேகிக்க வேண்டும்.
கை நடுங்குவது
பயமா, பசியா, அறுபதா?
பாடிப் போகையில் முதலில் கெடுவது நாக்கு.
கபடி கபடி
கவடி கவடி ஆகும்,
அப்புறம் வெறும் வடி வடி.
எதிரணிக்கு அது கேட்காது. நடுவருக்கும் கேட்காது.
இடது கார்னரில் நிற்கும் பச்சைநாயகிக்குக் கேட்கும்.

பேரூர்க்காரி. அதிகம் பேசமாட்டாள்.
அரிசிம்பருப்புச் சோற்றில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று
நான் தட்டை முறைத்துக்கொண்டிருந்தால்
"தின்னு புள்ள, ஆறுது"
அவ்வளவுதான்.

அன்றைக்குக் கடைசி நான்கு நிமிடம்,
இரண்டு பாயிண்ட் பின்னால்.
ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.
நடுக்கோடு இரண்டாகத் தெரிந்தது.
எது எங்களுடையதென்று தெரியாமல்
இரண்டையும் தாண்டினேன்.
என் முட்டி மடங்கப்போன நொடியில்
பின்னால் ஓர் அலறல்:
பச்சை
கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருள்கிறாள்.

விசில். டைம் அவுட்.
எல்லோரும் ஓடிக் குனிந்தோம்.
அவள் காலை நீவிவிடுகிறவளாட்டம் நானும் உட்கார்ந்தேன்.
முழங்கால் உறைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம்
என் உள்ளங்கைக்கு வந்தது.
எங்க ஊர்ச் சர்க்கரை.
அவள் வேர்வையில் ஊறி
உப்புக் கரித்தது.
"மெல்லாத. நாக்குல வெச்சுக்கோ. மாஸ்டர் பாக்கறாரு."

ஜெயிக்கவில்லை. ஒரு பாயிண்ட்டில் போச்சு.

மார்ச்சில் அடுத்த சீசன் பட்டியல் ஒட்டினார்கள்.
எனக்குச் சம்பளம் கூடியிருந்தது.
பச்சைக்குக் குறைந்திருந்தது.
பக்கத்தில் சிவப்பு மையில்:
இடது கணுக்கால், மூன்று முறை, நம்ப முடியாது.
மூன்று முறையும் அதே காலை
மாற்றாமல் பிடித்திருக்கிறாள்.
படித்துவிட்டு லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு
பயிற்சிக்குப் போய்விட்டாள்.

நான் ஆபீஸுக்குப் போனேன்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேர்த்தது.
பழக்கதோஷம், விரலைக் குத்திப் பார்த்தேன்.
நூற்றுப் பதினெட்டு.
அப்படியானால் இது வெறும் வேர்வைதான்.

"அந்த மூணு காயமும் என்னோடதுங்க" என்றேன்.

பொங்கியண்ணன் சார் கால்குலேட்டரை முன்னால் இழுத்தார்.
"எவ்வளவு?"

எதைக் கேட்கிறார் என்று புரியாமல்
நூற்றுப் பதினெட்டு என்றேன்.