மூன்றே கால் சவரன்

இரட்சிக்கப்பட்ட தேதி கேட்டால்
என் வீட்டுக்காரர் எரேமியா யோசிக்கவே மாட்டார்:
மார்ச் ஒன்பது, ஞாயிறு, காலை ஆறே கால்,
சில்வர் பீச், இடுப்பளவுத் தண்ணீர்.
நனைந்த வெள்ளைச் சட்டைப் பையில்
ஒரு நண்டுக்குஞ்சு கிடந்ததைச் சொல்வதில்லை.
துவைத்தவள் நான்.

வாராவாரம் சாட்சி.
முள்ளோடைக் கடை வாசலில் கவிழ்ந்து கிடந்தது,
நாய் வந்து முகத்தை நக்கியது,
அங்கிருந்து ஆண்டவர் தூக்கியது.
சபை கைதட்டும்.
பெண்கள் பக்கம் நாலாவது பாயில்
வெறுங்கழுத்தோடு நானும் தட்டுவேன்.
எங்கள் சபையில் நகைக்குத் தடையில்லை.
இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியம்.

மூன்றே கால் சவரன்
முதுநகர் சேட்டுக் கடை இரும்புப் பெட்டியில்.
ரசீது, யாரும் புரட்டாத லேவியராகமத்தில்.

"உங்களுக்கு எப்போ சிஸ்டர்?"
எப்சிபா அக்காவின் நோட்டில் தேதிக்கு ஒரு கட்டம்.
புயலடித்த வருஷம், ஓடு பறந்த வீட்டில்,
பிள்ளைகளைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு
"எங்கே கிடக்கிறாரோ, காப்பாற்று" என்றேனே, அதுவா?
காலையில் வாய்க்காலோரம் உயிரோடு கிடந்தார்.
மறுநாளே குடித்தார்.
எதற்குக் காப்பாற்றினாய் என்று கேட்டேன்.
பதில் இல்லை.
கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

மனுஷன் மனந்திரும்பினது நிஜம்.
ஆனாலும் ராத்திரி படியேறும்போது
"ஊது" என்பேன். ஊதுவார்.
சிப்காட் நெடியையும் பிராந்தி நெடியையும்
பிரித்துச் சொல்லும் என் மூக்கு.
விசுவாசம் எனக்கு அந்த வழியாகத்தான் வந்தது,
தினம் ஒரு மூச்சாக.

இரண்டு வருஷம் வட்டி. அப்புறம் அசல்.
ஒரு சனிக்கிழமை, ரோஸ் காகிதப் பொட்டலத்தை
அரிசி முறத்தில் வைத்துவிட்டு
"மீட்டாச்சு" என்றார்.
மேடையில் சொல்லும் அதே சொல்.
மைக் இல்லாமல் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பதினோரு நாள் போட்டிருந்தேன்.
பன்னிரண்டாம் நாள் தனகோடி வந்தாள்.
அவள் புருஷன் கலியபெருமாள்
இவரோடு ஒரே கிளாஸில் குடித்தவர்;
ஜிப்மரில், கண்ணெல்லாம் மஞ்சளாய்.
வெளியே வாங்கச் சொன்ன ஊசிச் சீட்டு
அவள் கையில் நனைந்திருந்தது.
பணம் கேட்கவில்லை.
கஞ்சி கொண்டுபோக ஒரு தூக்குவாளி கேட்டாள்.
வாளியைத் தேடும்போதே கை கழுத்துக்குப் போனது.
மனசு பின்னால் வந்தது, முணுமுணுத்துக்கொண்டு.

சேட்டு கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்:
"இப்பதானேம்மா மீட்டீங்க?"
"ஆமா. அதுக்குத்தான்."
எங்கிருந்து வந்தது அந்தப் பதில்
என்று இன்னும் தெரியாது.
பெட்டிக்குள் பூட்டிவைக்கவா
ஒரு மனிதன் வெயிலில் பைப் சுமந்து
என் தங்கத்தை வாங்கி வந்தான்?
பரலோகத்தில் பூட்டிவைக்கவா
என்னை ஒருவர்...
வேண்டாம், எனக்குப் பிரசங்கம் வராது.

சாயங்காலம் அவர் என் கழுத்தைப் பார்த்தார்.
சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.
கடைசியில், "எந்த வார்டு?"

பாண்டி பஸ் முள்ளோடையில் நின்றுதான் போகும்.
நின்றுதான் திரும்பும்.
பதினொன்றரை வரை நான் ஜெபிக்கவில்லை,
பஸ் சத்தங்களை எண்ணினேன்.

படியில் செருப்பு.
"ஊது."
டெட்டால். ஆறிப்போன காபி.
"அவனுக்கு ஷேவ் பண்ணிவிட்டேன்," என்றார்,
"கன்னம் ஒட்டிப்போச்சு."

அந்த ஞாயிறு சாட்சிக்கு எழுந்தவர்
"மார்ச்" என்று ஆரம்பித்து
தேதி மறந்தவர் போல நின்றார்.
உட்கார்ந்துவிட்டார்.
யாரும் கைதட்டவில்லை.
நான் லேவியராகமத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
புது ரசீது பத்திரமாக இருந்தது.