தேதி மாற்றலாம், கட்டணமில்லை

முதலில் குறித்தது இரண்டாயிரத்து இருபது ஏப்ரல்.
பிறகு அக்டோபர்.
பிறகு மார்ச்.
பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்து
நாட்காட்டியில் அந்த இடம் மட்டும்
பூனையின் காதுபோல் மெலிந்துவிட்டது.

சாகினாவில் தெருவோரப் பனி கறுத்துக் கிடக்கிறது.
சமையலறை மேசையில் வெர்ன்
ஃப்ளோரிடாவை விரித்து வைத்திருக்கிறான்:
எந்த வாயிலில் நுழைவது,
எந்தச் சவாரிக்கு முதலில் ஓடுவது,
மதியம் ஒன்றரைக்கு எந்த வரிசை குறையும்,
எல்லாம் கட்டம் கட்டமாக.
கண்ணாடித் தொழிற்சாலையில் அவனுக்கு
வாரம் மூன்று நாள்தான் இப்போது வேலை.
மீதி நாலு நாளும் பூங்காவில் இருக்கிறான்.

இந்த வருடம் வாணவேடிக்கை இல்லையாம்.
அணிவகுப்பு இல்லை.
ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பெரிய கரடி
மாடியில் நின்று கையசைக்கும்.
பரவாயில்லை, கரடிக்கும் குடும்பம் இருக்கும் என்கிறான் வெர்ன்.

நான் முப்பத்தொன்றாம் எண் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
போன வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பதில்
மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களை ஏற்றிப்போனேன்.
அவை சண்டை போடவில்லை.
இருக்கையின் பின்னால் பெயரைக் கீறவில்லை.
அத்தனை அமைதியான பேருந்தை
நான் யாருக்கும் விரும்பமாட்டேன்.

ஊசிக்கு இடம் கிடைத்தபோது விடிகாலை மூன்று பத்து.
எல்லாம் சாம்பல் நிறம், நடுவே ஒரே ஒரு பச்சைக் கட்டம்.
எழுபது மைல் தள்ளி, கால்நடைக் கண்காட்சிக் கொட்டகை.
பலகையில் இன்னும் எழுதியிருந்தது:
பன்றிகள் இடப்பக்கம்.
நாங்கள் இடப்பக்கம் போனோம்.

குத்தியபின் பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள்.
ஆறடிக்கொரு நாற்காலி.
யாரும் பேசவில்லை.
எல்லோரும் குனிந்தபடி
கைபேசியில் எங்கோ போய்க்கொண்டிருந்தோம்.
பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர்
வாங்கப்போகாத மீன்பிடிப் படகு ஒன்றை
இரு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
எனக்கு ஒரு கை கனத்தது.
மற்றக் கையால் ஜூன் பதினான்கைத் தொட்டேன்.

பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான்.
இரண்டாம் ஊசி இன்னும் பாக்கி.
அதன்பின் இரண்டு வாரம்.
எங்கள் மாகாணத்தில் மறுபடி எண்கள் ஏறுகின்றன.
மேவுக்கு ஊசியே இல்லை.
அவள் வயதுக்கு எப்போது என்று கேட்டால்
செவிலிக்குத் தெரியவில்லை.
தெரியாது என்று நேராகச் சொன்ன முதல் ஆள் அவள்தான்,
அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது.

வெர்னின் தம்பி லைல் போட்டுக்கொள்ளமாட்டானாம்.
ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னான்.
முதலில் சிரித்தார்கள்,
பிறகு அப்பாவின் இறுதிச் செலவுக் கணக்கு வந்தது,
பிறகு யாருடைய படகு யாரிடம் இருக்கிறது என்பது வந்தது.
அன்று இரவு படிவத்தைத் திறந்து
ஏழு பேர் என்பதை மூன்றாக்கினேன்.
நிச்சயமா? என்றது கணினி.
விலை சரசரவென்று இறங்கியது.
வெர்ன் எழுந்துபோய்
நிரம்பாத குப்பைப் பையை வெளியே வைத்துவிட்டு வந்தான்.

பக்கத்து அறைக்கு நடுவே கதவு வேண்டும் என்று
முன்பு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்.
அதை நீக்க மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டேன் என்றுதான் வெர்னிடம் சொல்வேன்.

டிராகன் ரயிலில் ஏற நாற்பத்துநாலு அங்குலம் வேண்டும்.
போன ஏப்ரலில் போயிருந்தால்
மேவ் வாசலில் நின்று அழுதிருப்பாள்.
இந்த ஒரு வருடம் அவளுக்குத் தந்தது அதுதான், உயரம்.
வெர்னின் கட்டங்களில் டிராகன் ரயிலுக்கு மூன்று முறை.

ஆனால் வாத்துப் படகுகள்
நாற்பத்திரண்டுக்கு மேல் யாரையும் ஏற்றுவதில்லை.
அதை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை.
நாலு வயதிலிருந்து அந்த மஞ்சள் படகின் படம்
அவள் தலையணைக்கடியில் இருக்கிறது.
எப்படியோ தானே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள்.

இப்போது குளிர்பெட்டிக் கதவில் முதுகை ஒட்டி நிற்கிறாள்.
மூச்சைப் பிடித்திருக்கிறாள்.
நீண்ட சட்டைக்குள்ளே
முழங்கால்கள் மெல்ல மடிகின்றன.
தட்டைக் கரண்டியை அவள் உச்சியில் வைத்துக்
கோடு போடுகிறேன்.

எவ்வளவு என்கிறான் வெர்ன், தலை நிமிராமல்.

நாற்பத்திரண்டு என்கிறேன்.