பதினேழாவது கம்பம்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் எனக்கு ஆறாவது தடம்.
ஃபாஸ்டேக் வந்த பிறகு
யாரும் சில்லறைக்குக் கை நீட்டுவதில்லை.
ஸ்கேனர் முரண்டு பிடிக்கும் லாரிக்கு மட்டும்
எழுந்து எட்டிப் பார்ப்பேன்.
மற்றபடி ஒன்பது வருடம்
பெங்களூர் போகிறவர்களையும்
சென்னை போகிறவர்களையும்
நாற்காலியில் இருந்தபடியே அனுப்பிவைத்தேன்.

"சர்க்கரை வாசப்படியில நிக்குது சென்னம்மா" என்றார்
அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா.
ஒரு மாதம்
உள்ளே வா என்றும் சொல்லவில்லை,
போ என்றும் சொல்லவில்லை நான்.

சித்திரையில் ஒருநாள் நாலே முக்காலுக்கு
மகன் ஒன்பதாவதில் போட்டுக் கழித்த
வெள்ளைக் கேன்வாஸின் நுனியில் பஞ்சடைத்து,
சுடிதாருக்கு மேல் அவன் சட்டையும் போட்டு
அணைக்குப் போகும் சாலைக்கு வந்தேன்.

கம்பங்களில் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதியிருந்தது.
ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஓடினேன்.
இரண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
"கம்பத்தப் புடிக்காதம்மா, எர்த் அடிக்கும்"
பால் கேன்கள் தடதடக்கச் சொல்லிக்கொண்டே
போனார் ஒருவர்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒரு கம்பம்.
மூச்சு மிச்சம் இருந்தாலும்
அதற்கு மேல் ஒரு அடி கிடையாது.
இது நானே போட்ட சட்டம்.
தடுப்புக் கட்டையை இறக்குவது
எனக்குப் பழகிய வேலை.

நாலாவது கம்பம், கிரானைட் பட்டறை.
கல்லறுக்கும் சத்தத்தில்
என் இரைப்பு எனக்கே கேட்காது. நிம்மதி.
ஏழாவதில் ஒரு செவலை நாய்.
முதல் வாரம் துரத்தியது,
அந்த வாரம் மட்டும் கொஞ்சம் வேகம் கூடியது.
பிறகு அதுவும் கூட ஓட ஆரம்பித்துவிட்டது.
ஒன்பதாவதை எட்டும்போது மாம்பழக் கூழ் ஆலையில் சீசன்.
மலையாய்க் குவிந்த கொட்டைகளின் புளித்த வாடை.
வாயால் மூச்சு வாங்கினால்
தொண்டை வரைக்கும் பெங்களூரா.

பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்
எண் இல்லாத கம்பம் ஒன்று.
கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று
மூன்று நாள் யோசித்தேன்.
சேர்க்கவில்லை.
கால் மட்டும் சேர்த்துக்கொண்டது.

"தினமும் எத்தன கிலோமீட்டர்?"
ஐந்தாவது தடத்து முனிரத்தினம் கேட்டான்.
"பன்னெண்டு கம்பம்" என்றேன்.
சிரித்தான், வண்டி வந்தது, திரும்பிக்கொண்டான்.

ஆடியில் சிக்குன்குனியா.
டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.
மூட்டுக்கு மூட்டு யாரோ ஆணி அடித்த மாதிரி.
இருபத்திரண்டு நாள் கழித்து வந்து ஓடினால்
இரண்டாவது கம்பத்தில் நின்றுவிட்டேன்.
பத்துக் கம்பத்தைக் காய்ச்சல் வசூலித்துக்கொண்டது.
ரசீது தரவில்லை.

அழுதேனா என்றால், ஆமாம்,
கொஞ்சம், கிரானைட் சத்தம் கேட்கிற தூரத்தில்.
பால்காரர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் மறுபடியும் ஒன்றிலிருந்து இரண்டு.
அடுத்த வாரம் மூன்று.
நாய் ஏழாவதில்தான் காத்திருந்தது,
என்னைத் தேடி ஒரு கம்பம்கூட முன்னால் வரவில்லை.
அதற்கும் ஏதோ சட்டம் இருக்கும்.

இன்று சனிக்கிழமை. பனி.
பதினாறாவதில் நின்றேன்.
நெஞ்சு அடங்கியிருந்தது, கால் கேட்டது.
அதோ பதினேழு,
குழல்விளக்கைச் சுற்றிப் புகை மாதிரிப் பனியோடு.
அதற்கப்பால் சாலை வளைகிறது.
வளைவு தாண்டினால் மதகு தெரியும் என்கிறார்கள்,
நான் பஸ்ஸில் போனபோதெல்லாம்
தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கட்டையை இறக்கினேன்.
நாய் மட்டும் நேராகப் போய்
பதினேழில் காலைத் தூக்கிவிட்டு வந்தது.
"திங்கக்கிழமைக்கு மேலதான் நான்" என்றேன் அதனிடம்.
ஆறு மணி வேனுக்கு நேரமாயிற்று.