அறுபது கிராம்

திங்கட்கிழமை விடிய விரல்நுனியில் ஊசி.
ஒரு சொட்டு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு
உள்ளங்கை அளவு இயந்திரம்
கொஞ்ச நேரம் யோசிக்கும்.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில்
எதையாவது சொன்னால் போதும்,
அந்தக் கிழமை எனக்குச் சொந்தம்.

அன்றைக்குச் சொன்னது: ஒன்று தசம் ஏழு.

டொக்டர் வீப்கே ஹோல்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
மாத்திரை மறந்தீர்களா?
இல்லை.
வேறு மருந்து, மீனெண்ணெய், ஏதாவது வேர்?
இல்லை.
சரி. என்ன சாப்பிட்டீர்கள்?

கெசீனாவின் பையில் தொடங்கியது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
படுக்கைவிரிப்பின் அந்த முனையைப் பிடிக்கிறவள்,
ஓல்டன்பூர்க்கின் ஓரத்தில், ரயில்பாதைக்குப் பின்னால்
ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிறாள்.
முதல் உறைபனி விழுந்த மறுநாள்
பை முட்ட முட்டக் குறூன்கோல்,
விளிம்பெல்லாம் சுருண்ட கரும்பச்சை.
"குளிர் கடித்த பிறகுதான் இது இனிக்கும்."

அவர்கள் அதைக் கொழுப்போடும் கொத்திறைச்சிக் குழலோடும்
மத்தியானம் முழுக்க அவிப்பார்கள்,
சேற்று நிறம் வரும்வரை.
நான் தண்டை உருவி, இலையைச் சுருட்டி,
மயிர் மயிராய் அரிந்தேன்.
வெங்காயம், செத்தல், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ.
அடுப்பை நிறுத்திய பிறகு தேசிக்காய்.
ஏழு நிமிடம்.
பச்சை பச்சையாகவே இருந்தது.

பதினொரு நாள், இரண்டு நேரமும்.
இரும்பு, கல்சியம், கண்ணுக்கு நல்லது
என்று கோப்பையைப் பார்த்து
என்னை நானே மெச்சிக்கொண்டு.

டொக்டர் சிரிக்கவில்லை.
தாளில் ஒரே ஓர் எழுத்து எழுதினார்: கே.
இந்த விட்டமின் இரத்தத்தை உறை என்கிறது.
உங்கள் மாத்திரை உறையாதே என்கிறது.
இரண்டு பேரையும் ஒரே வீட்டில் இருத்திவிட்டு
ஒருவருக்கு மட்டும் பந்தி வைத்திருக்கிறீர்கள்.

பிறகு, நேரம் இருந்ததோ என்னவோ,
மாத்திரையின் பூர்வீகத்தையும் சொன்னார்:
பூஞ்சணம் பிடித்த தீவனப் புல்லைத் தின்று
சின்னக் கீறலுக்கே இரத்தம் நில்லாமல்
மாடுகள் விழுந்த பண்ணைகள் இருந்தனவாம்.
அந்தப் புல்லுக்குள் ஒளிந்திருந்ததன்
வழிவந்த பிள்ளைதான் இந்த வெள்ளைக் குளிசை.

அப்போ என் நெஞ்சுக்குள் வழக்காடுவது
இரண்டு இலைகள்.
நடுவில் நீதவான் மாதிரி
கரிமத்தால் செய்த ஒரு கதவு,
டிக், டிக்.
சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த இரவு
யோகநாயகம் எழும்பிப்போய்
சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றிவைத்தார்.
சத்தம் நிற்கவில்லை.
திரும்பிப் படுத்தார், ஒன்றும் கேட்காதவர் போல.

இனிக் கீரை இல்லைத்தானே, என்றேன்,
தீர்ப்பை நானே வாசித்து.

யார் சொன்னது?
அடியோடு விட்டால் இன்னும் மோசம்.
இலையே காணாத இரத்தம்
சிறு காற்றுக்கும் ஆடும்.
சாப்பிடுங்கள். ஆனால் ஒவ்வொரு நாளும். ஒரே அளவு.
அதைப் பார்த்து நான் மாத்திரையை மாற்றுகிறேன்.

இப்படியொன்றை நான் எதிர்பார்க்கவில்லை:
மருந்து எழும்பி
இலைக்கு இடம்விடும் என்று.

தராசு வாங்கினேன், பதினான்கு யூரோ.
நகைக்கடைக்காரி போலக் கண்ணைச் சுருக்கி
அறுபது கிராம் நிறுக்கிறேன்.
அறுபத்திரண்டு வந்தால்
இரண்டைத் தூக்கி அவர் கோப்பையில் போடுகிறேன்.

தை மாதம் சலவைக்கூடம் முழுக்க ஊர்வலம் போனது.
கைவண்டி, சாராயம், சேற்றுப்பாதை,
முடிவில் மண்டபத்தில் மலை மலையாய்க் குறூன்கோல்.
ஆகக் கூடத் தின்றவருக்கு அங்கே முடிசூட்டுவார்கள்.
மூன்றாம் முறையும் மேற்பார்வையாளர் டெட்லெஃப்தான்,
காகிதக் கிரீடம், பொத்தான் திறந்த வயிறு.
நான் மூடியைத் திறந்தேன்.
கெசீனா எட்டிப் பார்த்தாள்: இவ்வளவுதானா?
இவ்வளவுதான், என்றேன். நாளைக்கும்.

அடுத்த திங்கள் இரண்டு தசம் எட்டு.
யன்னலுக்கு வெளியே பனி.
ரயில்பாதைக்குப் பின்னால், இருட்டில்,
பறிக்காமல் விட்ட செடிகள்
நின்றபடி இனித்துக்கொண்டிருக்கும்.