ஏழரை

வெறும் வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு ஓடும்.
பெட்டியை மாட்டினால் ஏழு.
ஆனி பிறந்ததிலிருந்து ஆறரை.
டைரியில் இருக்கிறது எல்லாம்:
தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய்.
கடைசிக் கட்டத்தில்
ரெஜிலா பென்சிலால் இடும் கேள்விக்குறி.

பெட்டி என்பது எங்கள் வாரநாள் வீடு.
வெட்டூர்ணிமடத்துப் பட்டறையில் டென்னிஸ் அடித்துத் தந்தது.
இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி.
முகம் மட்டும் மதில்போலச் சப்பை.
"முன்பக்கம் வளைச்சு அடிக்க நாலாயிரம் கூடும்" என்றான்.
"என்னத்துக்கு டே, பெண்ணா பார்க்கப் போறோம்" என்றேன்.

திங்கள் காலை குலசேகரத்தில் கிளம்பி
முப்பந்தலில், காற்றாடிக் கோபுரத்தின் அடியில்
பெட்டியை நிறுத்துவோம்.
நானும் ஷாஜினும் மேலே ஏறி
போல்ட் முறுக்கி, கிரீஸ் வைத்து இறங்குவோம்.
சனி மாலை பெட்டியோடு திரும்ப வேண்டும்.
விட்டுவிட்டு வந்தால்
பேட்டரி போய்விடும், அடுத்து டயர்.

எடைதான் தின்கிறது என்று நினைத்தோம்.
முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டோம்,
இருநூறு லிட்டர்.
அப்புறம் இரண்டாம் சிலிண்டர்.
ஷாஜினின் கர்லாக்கட்டை,
அவன் முகம் கறுத்ததோடு.
சுங்கான்கடையில் அரைச்சாக்குத் தேங்காயை
வந்த விலைக்குக் கொடுத்தோம்.
ஆறு புள்ளி ஏழு.
அந்தப் புள்ளி இரண்டுக்காக
இருபது நாள்
குளிக்கக் குடத்தில் சுமந்தோம்.

"பம்புக்காரன் வெட்டுறான் மக்கா" என்றான் ஷாஜின்.
தக்கலையில் போட்டோம், பார்வதிபுரத்தில் போட்டோம்.
யாரும் வெட்டவில்லை.

போய்வந்து சனிக்கிழமை ஒரே தடவை நிரப்புவதுதான் வழக்கம்.
அன்றைக்குச் சம்பளம் முன்கூட்டி வந்ததால்
போனதும் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை நிரப்பினோம்.
ஐம்பது கிலோமீட்டர்.
போகும்போது ஐந்தரை லிட்டர்.
அதே சாலை, அதே பெட்டி, அதே இரண்டு பேர்,
வரும்போது ஒன்பதரை.

டைரியை மூடிவிட்டு ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எண்பது மீட்டர் உயரத்தில்
காற்றளவி வினாடிக்குப் பதினான்கு காட்டியது.
பயிற்சியில் மனப்பாடம் செய்த ஒரே சூத்திரம்:
காற்று இரட்டித்தால் விசை எட்டு மடங்கு.
பரீட்சைக்கு எழுதினேன், பாஸானேன்,
சம்பளமும் வாங்குகிறேன் அதற்கு.
கீழே பார்த்தேன்.
தீப்பெட்டி அளவில் எங்கள் வீடு,
மேற்கே பார்த்து நிற்கிறது,
வருகிற காற்றையெல்லாம்
நெஞ்சு கொடுத்து வாங்கிக்கொண்டு.
சிரிப்பு வந்தது.
"என்னல?" என்று ஷாஜின் கத்தினான்.
அதைக் காற்று பணகுடிப் பக்கம் கொண்டுபோயிற்று.

இங்கே ஒவ்வொரு சுற்றும் யூனிட்டாகி
எவனுக்கோ பில் போகிறது.
ஆரல்வாய்மொழி கணவாயில் அதே காற்று
என்னிடம் வசூலிக்கிறது, டீசலாக.

டென்னிஸுக்குப் போன் அடித்தேன்.
வளைத்துத் தர இப்போது ஒன்பதாயிரமாம்.

அந்தச் சனிக்கிழமை
எழுபத்தைந்தில் போகிற வண்டியை ஐம்பதுக்கு இறக்கினேன்.
பைய.
திருநெல்வேலி பஸ் ஒலிப்பானால் திட்டியபடி கடந்தது.
தோவாளையில் பிச்சிப்பூ ஏற்றிய குட்டியானை கடந்தது,
வாசனை மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது.
வெள்ளமடத்தில் ஒரு மொபெட்,
பின்னால் புல்லுக்கட்டு.
ஷாஜின் துவர்த்தை முகத்தில் போட்டுக்கொண்டு
தூங்குவதாக நடித்தான்.
எனக்கும் வெட்கம்தான்.
முள் ஐம்பதைத் தாண்டும்போதெல்லாம்
கால் தானாக அழுத்தியதற்காக
காலையே வைதேன்.

வீடு சேர அரைமணிக்கு மேல் பிந்தியது. மீன்குழம்பு ஆறிவிட்டது.
ரெஜிலா டைரியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
ஐம்பது கிலோமீட்டர், ஏழரை லிட்டர்.
ரெண்டு லிட்டர் மிச்சம் என்றேன்.
அவள் ரப்பரால் அழுத்தி அழித்தாள்.
"சனிக்கிழமையும் அதுவுமா
ஏழரைன்னா எழுதுவா?
எட்டுன்னு போடும்."

எட்டு என்று போட்டேன்.
கேள்விக்குறியை மட்டும்
அவள் அழிக்கவில்லை.