குறைந்த எண்

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம் சொல்கிறது:
செய்திகள் முரண்பட்டால்
குறைந்த எண்ணை எடுத்துக்கொள்.

செய்தி நிறுவனம் பதினொன்று என்றது.
வானொலி பதினான்கு என்றது.
பதினொன்று என்று தட்டிவிட்டு
காபிக்கு எழுந்தேன்.

ஹேக் நகரம், மூன்றாம் மாடி.
கீழே டிராம் வளையும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும்.
ஒரு தாக்குதலுக்கு நூற்றிருபது கட்டங்கள்:
தேதி, ஆயுதம், இலக்கு, பொறுப்பேற்றது யார்,
நோக்கம் அரசியலா
(ஆம், இல்லை, தெரியாது).
மழை பெய்ததா என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

ஆண்டறிக்கை அமைச்சகத்துக்குப் போகுமுன்
வௌட்டர் தெர்ப்ஸ்ட்ராவின் மேஜையில்
வினைச்சொற்கள் ஒவ்வொன்றாகச் சூடு ஆறும்.
'நடக்கும்' என்றால் 'நடக்கக்கூடும்' என்பார்.
'நடக்கக்கூடும்' என்றால்
'நடப்பதற்கான வாய்ப்பை மறுப்பதற்கில்லை'.
வாக்கியம் நீள நீள
வெடிகுண்டு தூரப் போய்விடும்.

கெட்டவர் இல்லை.
ஒரு காலத்தில் 'நடக்காது' என்று எழுதிக் கையெழுத்திட்டவர்.
அந்தக் கோடையில் நடந்தது.
அதிலிருந்து எதையும் முடித்துச் சொல்வதில்லை.
சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால்கூட
'பெரும்பாலும்' என்பார்.

மார்ச் மாதம் ஒரு கடிதம் வந்தது,
நைஜரிலிருந்து,
கட்டம் போட்ட பள்ளிக்கூடத் தாளில், பிரெஞ்சில்:

'ஐயா அல்லது அம்மா,
டங்காரா சந்தையில் வெங்காய மூட்டைக்கு
எடை போடுகிறவன் நான்.
கால் கிலோ குறைந்தால் சட்டையைப் பிடிப்பார்கள்.
உங்கள் அறிக்கையை மருமகன் போனில் காட்டினான்.
எங்கள் சந்தைக்கு மூன்று பேர் குறைகிறது.
சரிபார்க்கவும்.
சூமானா ஹாமா.'

பின்பக்கம் பெயர்கள். பதினான்கு.
ஒன்றின் எதிரே: டயர் ஒட்டுகிறவன்.
ஒன்றின் எதிரே: ஆறு மாதம், இன்னும் பெயர் வைக்கவில்லை.
ஒன்றின் எதிரே:
எனக்குத் தர வேண்டியது அறுநூறு பிராங்க்.
அதன் மேல் ஒரு கோடு.

வௌட்டர் இருமுறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
'உண்மை' என்றார், பெரும்பாலும் என்று சேர்க்காமல்.
பிறகு, தனிநபர் கடிதம் ஆதாரமாகாது என்றார்.
பக்கம் பதினேழு. எனக்கும் தெரியும்,
அந்தப் பக்கத்தை எழுதியதே நான்தான்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு
பட்டியலை வைத்துக்கொண்டு தேடினேன்:
நாங்கள் விட்ட மூவர் யார்?
டயர்க்காரனா? கடன்காரனா?
விரல் எந்தப் பெயரிலும் நிற்கவில்லை.
மூவரை விடவில்லை நாங்கள்.
பதினான்கு பேரிடமும்
கொஞ்சம் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்,
ஒருவரிடம் ஒரு தோள்,
இன்னொருவரிடம் வீடு திரும்பும் வழி.

கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
அதை யாரும் படிப்பதில்லை.
அதில் பெயர்களை அடித்தேன்.
ஒன்பதாவது பெயரின் நடுவில்
இடம் தீர்ந்தது என்றது திரை.
'ஹைசா அம' என்று நிற்கிறது இன்னும்.

சூமானாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
'தங்கள் கடிதம் கிடைத்தது.'
அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.
வந்தவை எல்லாம்
'மறுப்பதற்கில்லை' என்று முடிந்தன.

சனிக்கிழமை சந்தையில்
அரைக் கிலோ வெங்காயம் கேட்டேன்.
முள் நேராக நின்றதும்
கடைக்காரன் சிரித்துக்கொண்டே
கொசுறாக ஒன்றைப் பையில் போட்டான்.

அதையும் சேர்த்து
மறுபடி எடை போடுங்கள் என்றேன்.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
மறுபடி, என்றேன்.